யூஜின் விட்டுச்சென்ற எண்பது மீட்டர்

அவைத்தலைவர் சக்கரபாணி அவர்களே, திரு. யூஜினின் துணைவியார் புஷ்பமேரி அம்மையாரே, முத்தியால்பேட்டையிலிருந்தும் ஏரிக்கரை ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைந்துவந்த திரு. யூஜின் சென்ற மாதம் காய்ச்சலில் காலமானார். நம் ஏரிக்கரைப் பூங்காவின் பாதைகளை வகுத்தவர் அவர். நீருக்கு மேல் செல்லும் பலகைப்பாதை எதிர்க்கரையைத் தொட இன்னும் எண்பது மீட்டர் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரை மேதை என்றார்கள். எனக்கு அது தெரியாது. அவர் தவறு செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பாதையை ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் போட்டார். காற்று வாங்க வருபவர்களுக்கு அது போதும். ஆனால் அதில் தினமும் நடந்தவர்கள் யார்? எதிர்க்கரையிலிருந்து இடுப்பளவு நீரில் வந்து பாதையில் ஏறி, புல்லுக்கட்டோடு நகரத்துக்குப் போகும் பெண்கள். அவர்களில் ஒருவர் இங்கே அமர்ந்திருக்கும் அன்னக்கிளி. ஒரு நாள் யூஜினை மறித்துக்கொண்டார்.

"கைய வீசிக்கினு போறவங்களுக்கா போட்டீங்க முசியே? எதிர்ல ஒருத்தி கட்டோட வந்தா நான் ஏரியில குதிக்கணுமா?"

"கட்டக் குடு. நீ இன்னொண்ணு எடுத்துக்கினு எதிர்ல வா."

இருவரும் நடுவில் சந்தித்தார்கள். யார் விலகுவது? யூஜின்தான் போட்ட செருப்போடு சேற்றில் இறங்கினார்.

"ஜோடு போச்சே முசியே" என்றார் அன்னக்கிளி.

மறுவாரமே, முப்பது அடிக்கு ஓர் ஒதுங்கிடம் வரைந்து கொடுத்தார்.

மீதிப் பாதை ஏன் நிற்கிறது? அதைப் போட்டால் கோரைப்புதர் அழியும், நீர்க்கோழிகள் கூடு கட்டாது என்று பூங்காக் குழுவுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தார். பாதை அங்கேயே முடியட்டும் என்று குழு தீர்மானித்தது. எழுதியது நான். கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள் சொன்னதால் யாரும் மறுக்கவில்லை.

"மதாம், பாதை போற எடத்துல குச்சி நட்டிருக்கேன், ஒரு தடவ வந்து பாருங்க" என்று யூஜின் இருமுறை அழைத்தார். வரைபடம் போதும் என்று நான் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை போனேன். அன்னக்கிளி முன்னால் நடந்தார். யூஜினின் குச்சிகள் கோரைப் பக்கமே போகவில்லை. அந்தப் பெண்கள் காலங்காலமாக மிதித்து, எதுவும் முளைக்காமல் போன தடத்தில்தான் நின்றன. தடம் எங்கே என்று யூஜின் அவர்களிடம் கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் அங்கே நீர் கழுத்தளவு. அதற்குமுன் அந்த எண்பது மீட்டரை முடிப்போம். நாளைக் காலை குழு கூடுகிறது. என் குறிப்பு தவறு என்று எழுதி எடுத்து வருகிறேன். முன்வரிசையில் இருக்கும் குழு உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் பேச்சை இன்னொரு முறை நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாக ஏரிக்கு வாருங்கள். அன்னக்கிளி வழி காட்டுவார். மாற்றுத் துணி எடுத்து வாருங்கள்.