ஒன்பது பென்னிக்கு வாங்கிய கோல்

இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு கூட்டத்தைக்கூட ஒரு நிமிடம் தாமதமாகத் தொடங்காத தலைவர் திருமதி டோரீன் ஆஷ்வொர்த் அவர்களே! ஆளுக்கொரு பங்கும் ஆளுக்கொன்பது அபிப்பிராயமும் வைத்திருக்கிற ஹால்டன்ஷா டவுன் கால்பந்துக் கழகத்தின் சொந்தக்காரர்களே! கிழக்குப் படிக்கட்டில் நின்று மழையோடு மல்லுக்கட்டும் பெரியவர்களே! அந்தப் பெரியவர்களின் தொண்டைக்குச் சூடாகத் தேநீர் ஊற்றும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையில் இருக்கும் இந்த ஏழு தாள்களையும் நானே எழுதினேன். கையெழுத்து கோணல். சில எழுத்துகள் கோட்டின் மேல் ஏறி நிற்கின்றன, சில சறுக்கிக் கீழே கிடக்கின்றன. நடுவில் நான் நின்றுவிட்டால், பேச்சு முடிந்தது என்று கைதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். நான் எழுதியதை நானே படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.

என்னை உங்களுக்குத் தெரியும். வில்ஃப் ஹார்கிரீவ்ஸ். வயது எழுபத்திரண்டு. நம் மைதானத்தின் புல்லை நாற்பத்தோர் ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. புல் எதிர்த்துப் பேசாது, நீங்கள் பேசுவீர்கள்.

இன்னும் கால் மணி நேரத்தில் தலைவர் அவர்கள் ஒரு தீர்மானத்தை ஓட்டுக்கு விடப்போகிறார். ‘அடுத்த பருவத்தில் ஏரன் ஃபெர்ன்லி இந்தக் கழகத்தில் ஆடக்கூடாது.’ ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதனின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. வாரம் முழுக்கச் சுவருக்குப் பூச்சு வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை நமக்காக ஓடுகிற ஏரன். மூன்று பருவத்தில் நமக்கு ஐம்பத்திரண்டு கோல் போட்ட ஏரன். நவம்பரிலிருந்து பந்து அவர் காலைத் தொட்டாலே நீங்கள் ஊளையிடுகிறீர்கள். பூச்சு வேலைக்குக் கூப்பிட்ட பதினொரு வீடுகளில் ஒன்பது வீடு வேண்டாம் என்றுவிட்டது. இன்று தீர்மானம் நிறைவேறினால் அவரும் மனைவியும் ஊரைவிட்டே போகிறார்கள். வாடகை வேனுக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது.

அவர் செய்த குற்றம் என்ன? களவா? கலகமா? தனக்குக் கிடைத்த பந்தை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்!

என்ன கிளிஃப்? “சும்மாவா தள்ளுனான், காசு வாங்கிட்டுத் தள்ளுனான்”னு சொல்றியா? இரு, உன்கிட்டதான் வரேன். ஓடிடாத.

அன்று நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கோப்பையின் இரண்டாம் சுற்று. தோற்றவன் வீட்டுக்கு, வென்றவன் அடுத்த சுற்றுக்கு. எதிரே லீக் வரிசையில் நம்மைவிட மூன்று படி மேலே உள்ள அணி. நம் மைதானத்தில் மூவாயிரம் பேர். மூவாயிரம் பேர் கையிலும் போன். போனுக்குள்ளே அந்தக் கணிப்புச் சந்தை.

சந்தை என்ன கேட்டது? ‘இந்தப் போட்டியில் ஏரன் ஃபெர்ன்லி கோல் போடுவாரா?’ ‘ஆம்’ என்றும் வாங்கலாம், ‘இல்லை’ என்றும் வாங்கலாம். நீங்கள் சொன்னது நடந்தால் ஒரு சீட்டுக்கு ஒரு பவுண்டு, அதாவது நூறு பென்னி. நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும்போது ‘ஆம்’ சீட்டு முப்பத்தெட்டு பென்னி. நிமிடம் ஓட ஓட விலை இறங்கியது. தொண்ணூறு நிமிடம் முடிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிந்தது, அப்போதும் இல்லை. ‘ஆம்’ சீட்டு ஒன்பது பென்னிக்கு வந்து நின்றது.

அந்த இடைவேளையில், தேநீர்க் கடைக்குப் பக்கத்தில், நம் குழாய் வேலைக்காரர் கிளிஃப் டட்டர்சால் என் தோளைப் பிடித்தார். ஒரு கையில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’, மறு கையில் போன்.

“வில்ஃப், மேட்ச் எப்படியும் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குத்தான் போகுது. அஞ்சாவது அடி ஏரன்தான் அடிப்பான், கண்ண மூடிட்டு அடிச்சாலும் உள்ள போயிரும். அந்தக் கோலும் இதுல சேருமா? கீழ விதி போட்ருக்கான், எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன். கொஞ்சம் படிச்சுச் சொல்லுய்யா.”

நான் போனை வாங்கினேன். கண்ணைச் சுருக்கினேன். உதட்டை அசைத்தேன். ஒரு மனிதன் நாலு வரி படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தலையை ஆட்டினேன். “சேரும் கிளிஃப். கோல்னா கோல்தானே.”

ஹால்டன்ஷா மக்களே! அன்று எனக்குப் படிக்கத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, எழுபது வருடம் இந்தச் சிரிப்புக்குப் பயந்தவன் நான். அணிப் பட்டியலை எழுத்தின் உருவத்தை வைத்து அடையாளம் கண்டேன். உர மூட்டையை நிறத்தை வைத்து அடையாளம் கண்டேன். என் மனைவி இருந்தவரை கடிதங்களை அவள் படித்தாள். அவள் போன பிறகு கடிதங்களை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினேன். ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடிந்திருந்தால், இன்று இந்தக் கூட்டமே இல்லை.

“மைதானக்காரன் வில்ஃப் படிச்சுப் பார்த்துட்டான், சேருமாம்!” அந்தச் செய்தி பத்தே நிமிடத்தில் நான்கு பக்கமும் சுற்றி வந்தது. எல்லோரும் வாங்கினீர்கள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேருந்துக்காகச் சேர்த்த பணத்திலும் கிளிஃப் வாங்கினார். நீங்கள் வாங்க வாங்க, ஒன்பது இருபதானது. எங்கோ உட்கார்ந்து, விதியைப் படித்த யாரோ, சிரித்துக்கொண்டே உங்களுக்கு விற்றார்கள்.

ஷூட்-அவுட் வந்தது. ஐந்தாவது அடி. ஏரன் அடித்தார். வலை குலுங்கியது. வென்றோம்! நம்மைவிட மூன்று படி மேலே நின்றவர்களைக் கீழே தள்ளினோம்! கிழக்குப் படிக்கட்டு குதித்தது, கூரை அதிர்ந்தது. பிறகு ஒருவர் போனைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் பார்த்தார். ‘இல்லை’ என்று சந்தை முடிவு சொல்லியிருந்தது.

நாற்பத்தோர் ஆண்டுகளில் தோற்றுப்போய் அழுத கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வென்றுவிட்டு மௌனமான கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். வீரர்கள் உங்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். நீங்கள் தலை குனிந்து போனைப் பார்க்கிறீர்கள். ஏரன் கை உயர்த்தியபடியே நின்றார். அந்தக் கையை எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள்: “நூத்திப் பதினெட்டாவது நிமிஷத்துல கோல் முன்னாடி தனியா நின்னானே, ஏன் அடிக்கல? ஏன் பக்கத்துல தள்ளுனான்?” ஞாயிற்றுக்கிழமை அது கேள்வி. திங்கட்கிழமை அது சந்தேகம். செவ்வாய்க்கிழமை அது தீர்ப்பு: ‘ஏரன் தன்மேலேயே “இல்லை” வாங்கி வைத்திருக்கிறான்.’

ஏன் தள்ளினார்? நான் சொல்கிறேன். நான் மட்டுமே சொல்ல முடியும்.

வடக்கு கோலுக்கு முன்னால், இடப்பக்கம், ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, புல்லுக்கு அடியில் ஓடும் வடிகால் உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் ஒன்று உண்டு. எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? மணலைக் கொட்டி, மேலே புல்லைப் பரப்பி மூடினேன். கூடுதல் நேரத்துக்கு முன்னால் ஏரனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “டேய் தம்பி, அந்த இடத்துல ஊன்றி அடிச்சிராத. கால் உள்ள போயிரும், முட்டி போயிரும். பந்து அங்க வந்தா யாருக்காவது தள்ளிவிட்ரு.”

பந்து அங்கேதான் வந்தது. அவர் தள்ளிவிட்டார். வாங்கியவர் அடித்தது கம்பத்தில் பட்டது. என் சொல்லைக் கேட்டதுதான் அவர் குற்றம்!

யாரது, “அப்புறம் ஏன் அவன் இத்தன நாள் வாயத் தொறக்கல”ன்னு கேட்டது? பிரெண்டாவா? நல்லாக் கேட்டம்மா. நானும் கேட்டேன்.

டிசம்பரில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “வில்ஃப், வடிகால் விஷயம் வெளிய வந்தா உங்கள வேலையவிட்டு அனுப்பிருவாங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு கோல் போட்டேன்னா இவங்களே மறந்துருவாங்க.”

“கோல் விழலைனா?” என்றேன்.

“விழும் வில்ஃப். எப்பவும் விழுந்திருக்கே” என்றார்.

விழவில்லை. எப்படி விழும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் புல் ஓரத்தில் நின்று பார்க்கிறேன். பந்து வரும்போது அவர் கோலைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறார். அடித்தால் ‘இன்று “ஆம்” வாங்கியிருக்கிறான்’ என்பீர்கள். அடிக்காவிட்டால் ‘“இல்லை” வாங்கியிருக்கிறான்’ என்பீர்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் குற்றவாளி என்றால், ஒரு மனிதன் எந்தப் பக்கம் ஓடுவான்?

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தூங்க முடியவில்லை. ஜனவரியில் நூலகத்துக்குப் போனேன். செவ்வாய்தோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மிஸ் கெல்சால் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். எழுந்து நில்லுங்கள் மிஸ்! மாட்டேன் என்கிறார். “என்ன படிக்கணும்னு ஆசை வில்ஃப்?” என்று கேட்டார். அந்த விதியை என்றேன். தாளில் அச்சடித்துத் தந்தார்.

தாய்மார்களே, எழுத்து திறந்துகொள்ளும்போது வருகிற சந்தோஷம் உங்களுக்கு மறந்திருக்கும். ஐந்து வயதில் வந்தது உங்களுக்கு. எனக்குப் போன மாதம் வந்தது! பேருந்தில் போகிறேன், தெருப்பெயர்கள் எல்லாம் என்னைக் கூப்பிடுகின்றன. பிரெண்டா விற்கும் இறைச்சிப் ‘பை’யின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். படித்த நாள் முதல் ‘பை’ தின்பதில்லை. கோவிச்சுக்காத பிரெண்டா!

அந்தச் சந்தோஷத்தோடுதான் விதியைத் தொட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. சந்தை நம்மை ஏமாற்றியது, விதியைப் பிறகு மாற்றியது என்று ஊரே சொன்னது. நானும் அப்படியே நம்ப ஆசைப்பட்டேன். நம்பினால் என்மேல் பழியில்லையே! இதோ, நான்காவது வரி. இன்று உங்கள் முன்னால் படிக்கிறேன். பொறுமையாக இருங்கள்.

‘கூடுதல் நேரத்தில்... போடப்படும் கோல்... கணக்கில் சேரும். பெனால்டி ஷூட்-அவுட்டில்... போடப்படும் கோல்... சேராது.’

போட்டிக்கு நான்கு நாள் முந்தைய தேதி கீழே இருக்கிறது. அதே வரி அன்று என் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

மூன்றாவது வரிசையில் என்ன சலசலப்பு? ஓ, போனா! இந்த ஓட்டுக்கும் சந்தையில் கேள்வி திறந்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறும் என்பதற்கு இப்ப என்ன விலைப்பா? எழுபத்தொண்ணா? ஆக, இந்த அறையில் சிலர் ஏரனை அனுப்பினால் லாபம் என்று வாங்கிவைத்துக்கொண்டு கை தூக்கக் காத்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பந்தைத் தள்ளினான் என்று ஒருவரைக் குற்றம்சாட்ட வந்தவர்களே, உங்கள் கை எதற்காக உயரப்போகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

நீ எத்தன சீட்டு வாங்குனன்னா கேக்குற, கிளிஃப்? ஒண்ணுகூட இல்ல. வாங்குறதுக்கும் படிக்கத் தெரியணுமேய்யா!

சிரியுங்கள். ஆனால் இந்தப் பேச்சு முடிந்ததும் என் வேலை போகலாம். போகட்டும். வடிகாலை மூடியது நான், ஏரன் அல்ல. விதியைத் தவறாகச் சொன்னது நான், ஏரன் அல்ல. ஐந்து மாதம் வாய்மூடி நின்றது நான். அவரும் நின்றார், ஆனால் எனக்காக நின்றார்! ஊளையிட வேண்டுமா? இதோ நிற்கிறேன், இடுங்கள். வெளியேற்ற வேண்டுமா? தீர்மானத்தில் பெயரை மாற்றுங்கள். ஃபெர்ன்லியை அடித்துவிட்டு ஹார்கிரீவ்ஸ் என்று எழுதுங்கள். எழுத்துக்கூட்டுவதில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேளுங்கள், நான் சொல்லித்தருகிறேன்!

ஏரன் இன்று இங்கே வரவில்லை. உங்கள் கைகள் உயர்வதைத் தன் கண்ணால் பார்க்கத் தன்னால் முடியாது என்றார். முடிவைத் தொலைபேசியில் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆகவே அடுத்த வாரம் நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். என் வாழ்நாளில் இன்னொருவருக்கு நான் எழுதும் முதல் கடிதம் அது. ‘அன்புள்ள ஏரன்’ என்ற இரண்டு சொற்களை நேற்றே எழுதிவிட்டேன். மூன்றாவது சொல்லிலிருந்து எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

கேட்ட உங்களுக்கும், இடையில் மணியடித்து நிறுத்தாத தலைவருக்கும் நன்றி. போன்களைக் கவிழ்த்து வையுங்கள், நண்பர்களே. வணக்கம். திருமதி ஆஷ்வொர்த், ஓட்டுக்கு விடுங்கள்.