எடுக்காத பொட்டலம்

பொட்டலம் கட்டுவதில் எனக்குச் சிறு வயது முதலே நல்ல கை. மதுக்கரையில் என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் கட்டிவைத்த பொட்டலங்களில் எதில் துவரை, எதில் உளுந்து என்று வெளியிலிருந்து பார்த்து அவராலேயே சொல்ல இயலாது. தாங்கள் கிணற்றைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆய்வாளர் ஐயா. எனினும் பொட்டலத்திலிருந்து தொடங்கினால்தான் கிணறு விளங்கும்.

என் பெயர் கந்தப்பன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். குறிச்சியில் நான் கட்டிய வீட்டின் பின்புறம் ஒரு கிணறு இருந்தது. அறுபது அடி ஆழம். எழுபத்தெட்டாம் ஆண்டு அது முற்றிலும் வற்றியபோது, மண்ணிட்டு மூட வசதி இல்லாமையால், அதன் வாயில் பனைமரத்தைப் பிளந்து செய்த பனங்கைகளைப் பரப்பி, கடப்பைக் கற்களைப் பாவி, மேலே சிமெண்டுத் தரை இட்டேன். பிறகு சுற்றிலும் சுவர் எழுப்பி ஓர் அறையாக்கினேன். காலப்போக்கில் அத்தரையைத் தட்டினால் பானையைத் தட்டுவது போல ஒலித்தது. கறையான் பனங்கையைத் தின்றிருந்தது. பாரமான பொருள் எதையும் அங்கு வைக்கலாகாது என்று என் மனைவி பாப்பாயியிடம் சொல்லியிருந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் அவ்வீட்டை விற்க முடிவு செய்தோம். பாப்பாயியின் பிறந்த ஊர் கிணத்துக்கடவு. அங்கு பதினோரு தென்னைகளுடன் ஒரு சிறிய வீடு விலைக்கு வந்தது. குறிச்சி வீட்டை விற்று அதை வாங்குவது என்பது ஏற்பாடு. அவள் அதற்குள் எந்தத் தென்னைக்கடியில் துணி துவைக்கும் கல்லைப் போடுவது என்பது வரை தீர்மானித்துவிட்டிருந்தாள்.

தரகர் சுந்தரராஜுலு. சுறுசுறுப்பான மனிதர், பேச்சில் வல்லவர். எங்கள் வீட்டை வாங்க வங்கி ஊழியர் கலீல் ரஹ்மானை அழைத்து வந்தவரும் அவரே. கிணத்துக்கடவு வீட்டைக் காட்ட எங்களைப் பலமுறை அழைத்துச் சென்றவரும் அவரே. முன்பணம் கைமாறும் நாளில் தரகை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணத்துக்கடவு வீடும் முடியட்டும், சேர்த்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வாத்தியார் வாய்ச்சொல்லு பத்திரத்த விடப் பெருசுங்க" என்றார்.

விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது அறம். ஆதலின் கலீல் ரஹ்மான் தனியே வந்த ஒரு நாள், பின்னறைக்கடியில் கிணறு இருப்பதைச் சொல்லி, குடிவருமுன் மண்ணிட்டு நிரப்பிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். அவரும் நன்றி கூறினார். தரகரிடம் சொல்ல அன்று எந்தத் தேவையும் இல்லை. கலீல் ரஹ்மான் அதை இத்தனை ஆண்டு நினைவில் வைத்திருந்து தங்களிடம் சொன்னது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது.

கிணத்துக்கடவு வீட்டுக்குக் கிரயம் பேசி முடிப்பதற்கு முன் பாப்பாயி அம்மன் கோயிலில் பூக் கேட்க விரும்பினாள். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாமல் யாரும் மண் வாங்குவதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, மற்றொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் பாதத்தில் வைத்துப் பூசாரி கலைத்துப் போடுவார். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது அம்மனையே சந்தேகிப்பதாகும். அதை அப்படியே குளத்தில் விட்டுவிடுவர்.

சிவப்பு வந்தது.

பாப்பாயி கோயிற்படியில் சற்று நேரம் அமர்ந்திருந்தாள். "அம்மனே வேண்டாம்னுட்டா நாம என்னங்க பண்றது" என்றாள். கிணத்துக்கடவு வீட்டை விட்டுவிட்டோம். போக இடம் இல்லாதபோது இருக்கும் வீட்டை விற்பானேன்? கலீல் ரஹ்மானிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ஆண்டவன் நாடலைன்னா உடுங்க சார்" என்று அவர் பெருந்தன்மையுடன் பெற்றுக்கொண்டார்.

சுந்தரராஜுலு மட்டும் அப்படி விடவில்லை. தரகைக் கேட்டார். விற்பனையே நடக்கவில்லையே என்றேன். ஆள் கொண்டுவந்தது தம் வேலை, அது முடிந்தது, மனம் மாறியது நான் என்றார். மனம் மாறியவன் நான் அல்லேன், தடுத்தது தெய்வம் என்று விளக்கினேன். அவர் மும்முறை வந்தார்; மும்முறையும் அதையே விளக்கினேன். நான்காம் முறை, தெருக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காலை வேளையில், வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ஏனுங்க வாத்தியாரே, பூவக் கேட்டு ஊடு வாங்கறவங்க, தரகனக் கூப்படறதுக்கு முன்னாலயே பூவக் கேட்டிருக்கோணுமுங்க. நான் அலைஞ்ச அலைச்சலுக்கு அம்மனா வந்து கமிஷன் குடுக்கும்?"

குழாயடியில் ஒருத்தி சிரித்தாள். அவள் மகனுக்கு எழுத்து அறிவித்தவன் நான்.

நான் வாய் திறப்பதற்குள் பாப்பாயி வெளியே வந்தாள். கையில் கிடந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி நீட்டினாள். "கோவிச்சுக்காம வாங்கிக்கங்கண்ணா. அவரு மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு" என்றாள். சுந்தரராஜுலு சற்றுத் தயங்கினார். பின்னர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு போதுமுங்க அம்மணி" என்றார்.

இரண்டையும் எடுத்திருந்தால் அவரைத் திருடர் என்று கருதி மறந்திருப்பேன். ஒன்றைத் திருப்பித் தந்ததன் மூலம், தெருவார் முன்னிலையில், தாம் நியாயவான் என்றும் நான் அநியாயக்காரன் என்றும் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அதன் பின் பாப்பாயி ஒற்றை வளையலோடுதான் இருந்தாள். நடந்த நடைக்கு அவர் கூலி கேட்டதில் தவறில்லை என்று அவள் என்னிடம் சொன்னதுண்டு. அவள் யாரையும் குறை கூறத் தெரியாதவள். பதினான்கு மாதங்களில் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் இறந்தாள். இதயத்தில் நெடுநாளைய கோளாறு என்றார் மருத்துவர். அவர் வளையலைப் பற்றி அறியாதவர்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சுந்தரராஜுலு வந்தார். காகிதத்தில் சுற்றிய வளையலை என் கையில் வைத்தார். "அம்மணி போனப்பறம் இது என் ஊட்டுல இருக்கக் கூடாதுங்க. என்னைய மன்னிச்சுப்போடுங்க" என்றார். குற்றம் செய்தவனே களவுப் பொருளைக் கொண்டுவந்து ஒப்படைத்தது போல எனக்குத் தோன்றிற்று. அன்று முதல் என் மனத்தில் ஐயம் எதுவும் இல்லை. அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன்.

நான் அவசரப்படவில்லை. அவர் அடிக்கடி வந்து போனார். நாங்கள் நண்பர்கள் ஆனோம். அவருடைய ஒரே மகள் ரேணுகா, கணவனுக்கு மாற்றல் கிடைத்து அந்தியூரிலிருந்து கோவைக்கு வரவிருந்தாள். அவளுக்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். தனியனாகிய எனக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்றேன். விலையையும் குறைத்துச் சொன்னேன். "ஊரெல்லாம் கமிஷன் வாங்கறேன், இப்ப எனக்கு நானே குடுத்துக்கறதுங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் மனைவி பூக் கேட்காமல் வாங்கலாகாது என்றார். சுந்தரராஜுலு அதை என்னிடம் வந்து சொன்னபோது தலை குனிந்திருந்தார். "அன்னிக்குப் பூவப் பத்தி வாய் உட்டுப்போட்டேன். அந்தப் பாவம் தீரோணும். பொட்டலத்த உங்க கையால நீங்களே கட்டுங்க வாத்தியாரே" என்றார்.

கட்டினேன். இரண்டிலும் வெள்ளை அரளியே வைத்தேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறு பெண் எடுத்தாள். சுந்தரராஜுலு அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றொரு பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன்.

ஆனியில் பத்திரம் பதிந்தது. ஆவணி வரை அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவ்விரு மாதங்களும் பின்னறைச் சுவரோரத்துத் தண்ணீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது. நான் அதைச் சரிசெய்யவில்லை. நீர் தரைக்கடியில் இறங்கிப் பனங்கையை நனைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிணற்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுமனை புகும் நாளன்று விடிந்ததும் பசுவையும் கன்றையும் அழைத்து வந்தனர். பசு கூடத்தில் நின்று திரும்புவதே வழக்கம். நான் சுந்தரராஜுலுவைத் தனியே அழைத்து, பாப்பாயி பின்னறையில்தான் உயிர் விட்டாள், அங்கும் பசுவின் குளம்பு பட்டால் தோஷம் நீங்கும் என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றே. அவர் கண் கலங்கினார். "அம்மணி பேரச் சொல்லி நானே ஓட்டிட்டுப் போறேனுங்க" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

நான் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். ஒரு பசுவின் எடையையும் ஒரு மனிதரின் எடையையும் மட்டுமே நான் கருதியிருந்தேன். மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டு ரேணுகாவும் உடன் செல்வாள் என்பதை நான் ஏற்பாடு செய்யவில்லை. சற்று முன்தான் அவள் என் காலில் விழுந்து வணங்கியிருந்தாள்; நானும் மனமார வாழ்த்தியிருந்தேன். ஓசை பெரிதாக இல்லை. மாவு மூட்டை சாய்வது போன்ற ஓர் ஒலி; பிறகு ஆழத்திலிருந்து பசுவின் குரல் சிறிது நேரம். கன்று அறை வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் கயிற்றை நான்தான் பிடித்து வெளியே கொண்டுவந்தேன்.

அது விபத்தா என்று கேட்டீர்கள். விபத்து அன்று. நான் அறிந்தே செய்தேன். அந்த அறைக்கு அனுப்பியதும் கொன்றதும் நான். என் மனைவியின் கை வெறுமையானதற்கு ஒருவர் விடை சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டார். அவர் மகளும் இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் தெய்வம் சொன்ன சொல்லைத் தெருவில் வைத்து நகைத்தவர் அவள் தந்தை.

தங்கள் எழுத்தர் இன்னொன்றும் கேட்டார்: தொண்ணூற்று மூன்றில் பாப்பாயிக்காகப் பூக் கேட்டபோது பொட்டலம் கட்டியவர் யார் என்று. அதுவும் நானே. கிணத்துக்கடவில் அவளுடைய அண்ணன்மார் வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மைத்துனர் நிழலில் போய் வாழ எனக்கு விருப்பமில்லை. அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே அன்று இரண்டிலும் சிவப்பையே வைத்திருந்தேன். இவ்வழக்கிற்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. அதை எழுதாமல் விட்டுவிடலாம்.