அவள் விரல்

சிவகிரி பஸ் புறப்படவில்லை. முன் சீட்டுப் பெரியவர் சுகர் பார்க்கும் மிஷினோடு மனைவியிடம் குனிந்தார்.

"ஏட்டி, உன் விரலக் காட்டு."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் சுகர் கிடையாதே."

"அதனாலதான் கேக்கேன். மிஷின் காட்டுறத துபாய்ல மவன் செல்லுல பாப்பான்லா. நேத்து கோயில் கொடையில நான் ரெண்டு கிண்ணம் பாயாசம் குடிச்சது தெரிஞ்சுரும்."

அவள் சிரித்தபடி விரலை நீட்டினாள். குத்தினார். மிஷினைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சற்று நேரத்தில் செல்போன் அடித்தது. மகன் குரல் ஸ்பீக்கரில் பஸ் முழுக்கக் கேட்டது.

"எப்பா, முந்நூறைத் தாண்டிட்டு! என்னத்தத் தின்னிய?"

பெரியவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"என் ரத்தம் இல்லலே மக்கா. உங்க அம்மைக்குள்ளது."

"அம்மைக்கும் சுகரா? எப்ப இருந்து?"

"தெரியல. அவளுக்கு இன்னைக்குதாம்லே முதல்ல பாத்தேன்."