கிணற்றில் குதிக்கச் சொல்லும் சங்கம்

பிள்ளைகளே, சங்கரன்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறினேன்; என் முன்சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். பெரியவன் விடுதி மாணவர் சங்கத்துச் செயலாளர். மற்றவன் குருவிகுளத்துப் பையன். அன்றுதான் விடுதியில் சேரப் போகிறான்.

“புதுசா வாரவனுவ எல்லாரும் விடுதிக் கிணத்துல குதிக்கணும்லே. மாப்பிள்ளைக்கு நலங்கு மாதிரின்னு வச்சிக்கோ.”

“எனக்கு நீச்சல் தெரியாது, அண்ணாச்சி. எங்க ஊர்க் கிணத்துல வாளி முங்கவே தண்ணி காணாது.”

“அதை அங்கன சொல்லிராத. சொன்னா உன்னைத்தான் முதல்ல தள்ளுவானுவ.”

“நீங்கதான செயலாளர்? வேண்டாம்னு சொல்லுங்களேன்.”

“பயந்தாங்கொள்ளின்னு என்னையச் சிரிப்பானுவ.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. நானும் முங்கித்தான் போனேன். சமையக்கார அண்ணாச்சி கயிறு போட்டுத் தூக்குனாரு.”

“அவரு இப்பம் இருக்காரா?”

“வேலைய விட்டுப் போயிட்டாரு.”

பையன் டிரங்குப் பெட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டான். பஸ் கிளம்பியது. மேலநீலிதநல்லூர் தாண்டியதும் செயலாளர் பையன் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“இறங்கினதும் நேரா வார்டன் வீட்டுக்குப் போவோம். எல்லாத்தையும் நான் சொல்லுதேன். நீயும் கூட வாலே. தனியாப் போவ எனக்குப் பயமா இருக்கு.”