கிராஸ்லிக்கு வந்த நட்சத்திரம்

– இன்னொரு தடவை சொல்லு, லவினியா. வாசல்ல நிக்கிறது யாரு?

– நீங்கதான்.

– என்னது?

– எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கதவைத் திறந்தேன். தொப்பியைக் கழட்டிட்டு, "நான் எச்.எம். கிராஸ்லி, எச்.எம். கிராஸ்லியைப் பார்க்கணும்"கிறார். டெக்சாஸ் வெயில்ல மூளை கலங்கிடுச்சோன்னு நினைச்சேன். அவருக்கில்ல, எனக்கு.

– ஆள் எப்படி?

– உங்க வயசு இருக்கும். உங்களைவிடக் குள்ளம், ஒரு கால் இழுக்குது. நெப்ராஸ்காவிலேருந்து ரயில்ல வந்தாராம்.

– இரு, இரு. நெப்ராஸ்கா... பட்டாளத்துல என் பேர்லயே இருந்த ஹோபார்ட் கிராஸ்லி! வின்னி, அந்தக் கேக் ஞாபகம் இருக்கா? மணிலாவுல இருந்தப்ப கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவருக்கு வரவேண்டியது நமக்கு வரும். "என் செல்லம் ஹோபிக்கு, அம்மா"ன்னு மேல எழுதியிருக்கும்.

– நல்லா ஞாபகம் இருக்கு. திருப்பி அனுப்புங்கன்னு நான் சொன்னேன். ஜெனரல் ஹார்லன் கிராஸ்லி அவர்களே, நீங்கதான் ஒரு துண்டு விடாம தின்னீங்க.

– அப்ப நான் வெறும் கேப்டன். இந்தாளு எதுக்கு வந்திருக்கார்னு எனக்குத் தெரியும்.

– கேக்கைத் திருப்பிக் கேக்கவா?

– விளையாடாதே. என் நட்சத்திரத்தைக் கேக்க. நாப்பத்தொண்ணுல என்னை ஜெனரலாக்கினாங்களே, அந்த முதல் நட்சத்திரம். அது எனக்கு வரவேண்டியது இல்ல, பேர் குழம்பி வந்துடுச்சுன்னு கிளப்புல ஆளாளுக்குப் பேசினாங்க. உங்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

– பதிமூணு வருஷம் கழிச்சு, ரிட்டயராகி பீக்கான் மரத்துக்குத் தண்ணி ஊத்தறவர்கிட்ட நட்சத்திரத்தைப் புடுங்க வந்திருக்காரா? நல்லா இருக்கே. வெயில்ல நிக்க வெச்சுட்டு நாம இங்க பேசறோம், கர்த்தரே. உள்ள வாங்க, கர்னல்! கர்னல்தானே?

– கர்னல்தாம்மா. அதுக்கு மேல ஏறல. கோவேறு கழுதை மாதிரி, இருக்கற இடத்துலயே நின்னுட்டேன். ஜெனரல், வணக்கம். சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்.

– உக்காருங்க, கர்னல். முப்பது வருஷம் ஒரே பட்டாளத்துல இருந்திருக்கோம், இப்பதான் முகம் பார்க்கறேன். உங்கம்மா கேக் பிரமாதம்.

– ஓ, அது உங்க வயித்துக்குத்தான் போச்சா? "கேக் எப்படிடா"ன்னு அம்மா கேக்கும். நானும் பிரமாதம்னு எழுதுவேன். அது கெடக்குது. உங்க பூட்ஸ் ஒரு ஜோடி எனக்கு வந்துச்சு, தெரியுமா? ஒரு பூட்ஸுக்குள்ள என் ரெண்டு காலும் போகும்.

– உங்களுக்கு வந்த பல் வைத்தியர் உத்தரவுல என் நல்ல பல்லைப் புடுங்கினாங்க. "இது என் பல் இல்லை"ன்னு வாயைத் திறந்து எப்படிச் சொல்ல முடியும்?

– நான் மூணு மாசம் பல்வலியோட கிடந்தேன்! நம்ம வாங்கிட்டு வந்த பேர் அப்படி.

– ரெண்டு பேரும் சிரிக்கறதைப் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. கர்னல், பீக்கான் கொட்டை வெச்சுச் சுட்ட பை பலகாரம் ஒரு துண்டு சாப்பிடுங்க. கொல்லையில காய்ச்சதுதான்.

– கொடுங்கம்மா. மிசௌரிப் பண்ணையில பொறந்தவர், மணிலா, ஆப்பிரிக்கா, இத்தாலின்னு சுத்திட்டுக் கடைசியில மறுபடி மரத்தடிக்கே வந்துட்டார் ஜெனரல்.

– நடுவுல பதினேழு வருஷம் கேப்டனாவே உக்காந்ததையும் சேர்த்துக்கோங்க, கர்னல். பிரான்ஸ்ல முதல் உலக யுத்தம் முடிஞ்சதும் நாட்டுக்கு எங்களையெல்லாம் மறந்து போச்சு. ஒரே சட்டையை ரெண்டாம் பக்கம் திருப்பித் தைச்சுக் கொடுத்தா இவ. சரி, கர்னல். சுத்தி வளைக்க வேண்டாம். நட்சத்திரத்தைப் பத்திக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?

– எந்த நட்சத்திரம்? நான் எம்மெட்டைப் பத்திக் கேக்க வந்தேன்.

– எம்மெட்டா?

– லெப்டினன்ட் எம்மெட் கிராஸ்லி. உங்க டிவிஷன்ல இருந்தான். என் மகன்.

– கர்த்தரே! இந்தத் தட்டைப் பிடிங்க, ஹார்லன். கர்னல், அந்தப் பையன் உங்க பையனா?

– என் பையன்தாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

– எங்களுக்குப் பிள்ளை கிடையாது, கர்னல். நாப்பத்தி நாலுல பேப்பர்ல "இத்தாலியில லெப்டினன்ட் கிராஸ்லி மரணம்"னு போட்டதும், நான் குடியிருந்த பட்டாளக் கோட்டையில இருந்த பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு பாத்திரத்துல சோறு ஆக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. "எனக்குப் பிள்ளையே இல்லை"ன்னு சொல்லச் சொல்ல, துக்கத்துல இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடிச்சாங்க. கடைசியில நானும் உக்காந்து அழுதுட்டேன். யாருக்காக அழுதேன்னு இன்னைக்குவரை தெரியல.

– என் சம்சாரத்துக்கு யாரும் சோறு கொண்டுவரல. பனியில ரோடு மூடியிருந்துச்சு. அது... அது கெடக்குதும்மா. உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கணும், ஜெனரல். அவனுக்கு மேப் ரூம்ல வேலை, தலைமையிடத்துலதான் இருக்கான்னு எழுதினான். நானும் நிம்மதியா இருந்தேன். மேப் ரூம்ல இருந்தவன் ஆத்தைத் தாண்டற சண்டைக்கு எப்படிப் போனான்?

– இருங்க, இருங்க. நான் வேற எதுக்கோ தயாரா உக்காந்திருந்தேன். கொஞ்சம் தண்ணி கொடு, வின்னி. அவன் வந்து சேர்ந்த அன்னைக்கே டிவிஷன் முழுக்க ஜெனரலோட மகன்னு பேச்சு. கூப்பிட்டு, "யாருப்பா உங்கப்பா"ன்னேன். "கோவேறு கழுதை வளர்க்கறவர் சார்"னான். ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க!

– முன்பல் கொஞ்சம் கோணலா...

– ஆமா. எனக்குப் பிடிச்சுப் போச்சு. நல்லா மேப் வரைவான், அதனால என்கூடவே வெச்சுக்கிட்டேன். அது அவனுக்கு இன்னும் வினையாச்சு. "அப்பன் மடியில உக்காந்திருக்கான்"னு சிப்பாய்ங்க கேலி பண்ணாங்க. நான் அவர் மகன் இல்லைன்னு இவன் சொன்னா யாரு நம்பறாங்க? அப்புறம் அந்த ஆறு வந்துச்சு. பனிக்காலம், கரை முழுக்கச் சகதி, எதிர்க்கரையில மேடு பூரா ஜெர்மன்காரன். தாண்டுன்னு மேலேருந்து உத்தரவு. தாண்ட முடியாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன்.

– மூணாவது தடவை?

– சரின்னுட்டேன். நான் மறுத்தா என்னைத் தூக்கிட்டு, சரின்னு சொல்ற ஒருத்தனைப் போடுவாங்க. பசங்க எப்படியும் போகத்தான் போறாங்க. அப்படி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது நியாயமா, வெறும் சாக்கா? இன்னும் புரியல, கர்னல்.

– எம்மெட்டை நீங்க அனுப்பினீங்களா?

– ஆத்தைத் தாண்டவேண்டிய ஒரு கம்பெனியில லெப்டினன்ட்டுக்குக் காய்ச்சல். நான் போறேன்னு இவன் வந்து நின்னான். முடியாதுன்னேன். நின்ன இடத்தைவிட்டு நகரல. உங்க கழுதை எதுவும் அப்படி நின்னிருக்காது. கடைசியில... அனுப்பினேன். கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

– எப்படிப் போனான்? மறைக்காதீங்க.

– எதிர்க்கரை ஏறிட்டான். கயிறு ஒண்ணைக் கொண்டுபோய் மரத்துல கட்டினான். திரும்பி வர உத்தரவு கொடுத்தப்ப, உயிரோட இருந்தவங்க அந்தக் கயித்தைப் பிடிச்சுத்தான் வந்தாங்க. எல்லாரும் போகட்டும்னு கடைசியில நின்னிருக்கான். அங்கேயே சுட்டுட்டாங்க. வலி தெரியறதுக்கு நேரம் இருந்திருக்காதுன்னு கூட இருந்த சார்ஜென்ட் சொன்னான். அதை நான் நம்பறேன்.

– கர்னல், இந்தத் தண்ணியைக் குடிங்க. கொஞ்சம்.

– குடிக்கறேம்மா. கயிறு... வீட்டுல நல்லா முடிச்சுப் போடுவான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது கெடக்... இல்ல, கெடக்கல. ஜெனரல், அப்ப ஏதோ நட்சத்திரம்னீங்களே?

– இப்ப எதுக்கு அது?

– சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.

– லூசியானாவுல ஒத்திகைப் போர் நடந்துச்சே, நாப்பத்தொண்ணு கோடையில. அது முடிஞ்சதும் என்னை ஜெனரலாக்கினாங்க. கூடவே ஒரு பாராட்டு. சதுப்பு நிலத்துக்குள்ள ரெஜிமென்ட்டையே சுத்திக் கொண்டுபோய் எதிரியைப் பின்பக்கமா மடக்கினேனாம். எனக்கு ஒண்ணும் புரியல. அந்த வாரம் முழுக்க நான் வயித்துப்போக்குல கூடாரத்துல கிடந்தேன்.

– அதை நீங்க எங்கிட்டகூடச் சொல்லலையே, ஹார்லன்!

– சொல்லி? பதினேழு வருஷம் காத்திருந்தவன் நான், வின்னி. வேற ஏதாவது பார்த்துக் கொடுத்திருப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா அந்த ஆத்தங்கரையில நின்னப்போ அதேதான் ஓடுச்சு. இங்க நிக்கவேண்டியது நான்தானா? அந்த இன்னொரு கிராஸ்லி நின்னிருந்தா, மூணாவது தடவையும் முடியாதுன்னிருப்பானோ?

– சதுப்பு நிலத்துல போனது நான்.

– தெரியும், கர்னல். நேரா கேக்க எனக்குத்தான் தைரியம் இல்ல.

– உங்களுக்குத் தெரியாது, ஜெனரல். பேர் குழம்பல. வாஷிங்டன்ல இருந்தவங்க சரியாத்தான் என் வீட்டுக்கு போன் பண்ணாங்க. "லூசியானாவுல சதுப்பைச் சுத்தி வந்த கிராஸ்லி நீங்கதானே"ன்னாங்க. நாங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தோம், எம்மெட் எதிர்ல உக்காந்திருந்தான். "நான் இல்லைங்க, அது ஹார்லன் கிராஸ்லி. அவரை விட்டுடாதீங்க, நல்ல ஆள்"னு சொல்லி வெச்சுட்டேன்.

– இருங்க, இருங்க. ஏன்?

– பிரான்ஸ்ல ஆர்கான் காடு. பதினெட்டாம் வருஷம். என் கம்பெனிப் பசங்களை ஒரு பள்ளத்துக்குள்ள அனுப்புன்னாங்க, அனுப்பினேன். ஒருத்தனும் ஏறி வரல. இன்னொரு சண்டை வருதுன்னு நாப்பத்தொண்ணுலயே எல்லாருக்கும் தெரியும். நட்சத்திரம் குத்திக்கிட்டா ஒரு கம்பெனி இல்ல, ஒரு டிவிஷனை அனுப்பணும். என்னால ஆகாதுன்னு பட்டாளத்துக் கோவேறு கழுதை லாயத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்.

– அப்ப அந்த ஆத்தைத் தூக்கி என் புருஷன் தலையில வெச்சது நீங்க! பத்து வருஷமா தூக்கத்துல "படகு, படகு"ன்னு கத்தறார், கர்னல். பக்கத்துல படுத்துக் கேக்கறவ நான். உங்களால ஆகாதுன்னா, இவரால மட்டும் ஆகுமா?

– வின்னி, விடு.

– எதை விடறது? ஒரு போன்ல நம்ம வாழ்க்கையை மாத்திட்டு, அவர் பாட்டுக்குப் புல்லு போட்டுக்கிட்டு இருந்திருக்கார்!

– அம்மா சொல்றதுல தப்பில்லை, ஜெனரல். யாரோ ஒருத்தர் தலையில போகட்டும்னுதான் நினைச்சேன். ஆனா என் பையனை அனுப்பற கையெழுத்தும் அதோடயே உங்க கைக்குப் போகும்னு எனக்குத் தெரியாது.

– யாருக்கும் தெரியாது, ஹோபார்ட். நீங்க மாட்டேன்னது சரியா, நான் சரின்னது சரியான்னு என்னைக் கேட்டா... எனக்குத் தலை சுத்துது. நீங்க நின்னிருந்தாலும் அந்த ஆறு அங்கேயேதான் ஓடியிருக்கும்.

– ஒரே ஒண்ணு, ஜெனரல். அப்புறம் கிளம்பிடறேன். அவன் ஏன் கேட்டு வாங்கிட்டுப் போனான்? ஜெனரல் மகன்னு கேலி பண்ணாங்களே, அது பொறுக்கலையா?

– இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

– முகத்தைத் திருப்பாதீங்க. அவன் ஏதோ சொல்லியிருக்கான்.

– வேண்டாம், ஹோபார்ட்.

– ஹார்லன், சொல்லிடுங்க. பெத்தவர் கேக்கறார்.

– எனக்கு அது அன்னைக்கு அர்த்தமே ஆகல. இந்த நிமிஷம் வரைக்கும் ஆகல. "உன்னை யாரும் போகச் சொல்லலையேப்பா, மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு"ன்னேன். அதுக்கு அவன், "எங்க வீட்டுல ஒருத்தர் ஏற்கெனவே மாட்டேன்னு சொல்லிட்டார் சார்; ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்"னான்.