சிவபாதத்தின் பியர் வாளி

பக்கத்து வீட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடுவது பெரிய வேலையல்ல. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ பூட்டிய வீடுகளின் திறப்புகள் என்னிடம் இருந்திருக்கின்றன. ஒரு வீட்டிலும் ஒரு கரண்டிகூடக் காணாமற்போனதில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவபாதம் நல்ல மனிதர். தையல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு, வியாழன் மாலைகளில் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து, ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் பியர் காய்ச்சத் தொடங்கியதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. வேலிக்கு மேலால் வந்த மணம்தான் சொன்னது. பார்லியைத் துணிப்பையில் கட்டி வெந்நீரில் ஊறவைத்து, பாணிபோன்ற மோல்ட் சாற்றைக் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூவும் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறார். அவருடைய மனைவி றெஜினாவிடம் விசாரித்தேன்.

"என்னக்கா, உங்களுக்கே தெரியாதோ? டெனிஷ்காரரின்ர பியர்ச் சங்கத்தில சேரப் போறாராம். முதல் அவையள் இவற்ற பியரைக் குடிச்சுப் பாத்து ஓமெண்டு சொல்லவேணும். மனிசனுக்கு வேற நினைப்பே இல்லை. கூட்டம் வியாழக்கிழமையளில."

வியாழக்கிழமைகளில். என் வீட்டுத் தேநீர் நாளில்.

பியரை வாளியில் நொதிக்க வைத்துவிட்டு, இருவரும் டோஸ்ட்ருப்பில் இருக்கும் மகளிடம் ஒரு கிழமை போனார்கள். போகும்போது சிவபாதம் திறப்பைத் தந்தார்.

"தக்காளிக்குத் தண்ணி விட்டால் காணும் அக்கா. அந்த வாளி மூடியை மட்டும் திறந்துபோடாதேங்கோ."

"சீ, எனக்கேன் தம்பி உங்கட வாளி?"

தக்காளி இருந்தது தோட்டத்துக் கண்ணாடிக் கூடாரத்தில். வாளி இருந்தது சலவை அறையில். தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனதில் சலவை அறைக்குள் போய்விட்டேன். ஐந்து நாளும்.

முதல் நாலு நாள் வாளி குளுக் குளுக் என்று குமிழி விட்டது. ஐந்தாம் நாள் மூச்சுப் பேச்சில்லை. செப்டெம்பர்க் குளிரில் எங்கள் தோசை மாவே அவண் அடுப்புக்குள் லைற் போட்டு வைத்தால்தான் பொங்கும். பொங்காத மாவுக்குப் பழைய புளித்த மா ஓர் அகப்பை விடுவோம். அதைத்தான் செய்தேன். மூடியைத் திறந்தேன். பால் விடாத பிளேன்ரீ நிறத்தில், வடிவாகத்தான் இருந்தது. ஓர் அகப்பை மா விட்டு, கம்பளியால் போர்த்தியும் விட்டேன். பெற்ற தாய் செய்வாளா?

அவர்கள் வருமுன் கம்பளியை எடுத்துவிட்டேன். சிவபாதம் கொண்டுபோன பியரைச் சங்கத்தில் ஆளுக்கொரு மிடறு குடித்தார்களாம். "ஸ்பென்னெனே" என்றார்களாம். சுவாரசியமாக இருக்கிறது என்று அர்த்தம்; நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டாத டெனிஷ்காரர் சொல்வது. இரண்டாம் மிடறு ஒருவரும் குடிக்கவில்லை.

அடுத்த வியாழன் சிவபாதம் என் வீட்டில்.

"எங்க பிழைச்சதெண்டு விளங்கேல்லை அக்கா. புளிச்சுப் போச்சு."

"இஞ்சத்தைத் தண்ணி அப்பிடித்தான் தம்பி," என்று தோசை வைத்தேன். மூன்று சாப்பிட்டார். புதினமும் சொன்னார்.

இவ்வளவு சொன்னபிறகு மிச்சத்தை மறைப்பானேன்? வாளியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐந்தாம் நாளளவில் குமிழி நிற்கும், அது சரியான அறிகுறி, தொடவேண்டாம் என்று முத்து முத்தாகத் தமிழில் எழுதியிருந்தார். மேலே 'தவமலர் அக்காவுக்கு' என்று என் பெயர். இரண்டு தரம் வாசித்தேன்.

சங்கம் இன்னொரு தவணை கொடுத்திருக்கிறது. மறுபடியும் காய்ச்சுகிறார், மறுபடியும் டோஸ்ட்ருப் போகிறார்கள், திறப்பு என்னிடம்தான். இந்த முறை மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். வாசித்தால்தானே குற்றம்.