மூன்று கரண்டி சீனி

சாய்ந்தமருது வாழ் சகல பெருமக்களுக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும், கடற்கரை நடைபயிற்சிச் சங்கத்தின் கனம் பொருந்திய அங்கத்தவர்களுக்கும் இதனால் அறியத்தரும் அதிமுக்கிய விடயம் யாதெனில்: ஹமீட் ஆகிய நான் பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பவன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், சென்ற கிழமை சங்கத்தார் கூடி, என் மச்சான், காலஞ்சென்ற முன்னாள் பாடசாலை அதிபர் அப்துல் கபூரின் நினைவாகக் கடற்கரையில் ஒரு பலகை நாட்டத் தீர்மானித்திருக்கிறார்கள். 'நீரிழிவோடு போராடி மறைந்த பெருந்தகை' என்பது வாசகம். அதில் பிழை இருக்கிறது. கல்முனையில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடமாக ரிப்போட் எழுதுகிறவன் நான். பிழையான பதிவை என்னால் சகிக்க முடியாது.

மச்சான் என் தங்கை சபூறாவின் கணவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் அதில் போய் இருப்பவன். சபூறாவின் சீதன வீட்டை நான் சவூதியில் ஏழு வருடம் லொறி ஓட்டிக் கட்டினேன். என் மனைவியின் வீடு கடற்கரையில் இருந்தது. சுனாமி வீட்டையும் அவளையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அத்திவாரம் மட்டும் மிச்சம். ஆகவே நான் கட்டிய வீட்டின் பக்க அறையில் நானே விருந்தாளியாகக் குடியேறினேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் விருந்தாளி என்பதை மச்சான் கிழமைக்கு இரண்டு தடவைதான் ஞாபகப்படுத்துவார்.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் ஓர் இலவச மருத்துவ முகாமில் அவருடைய விரலைக் குத்திப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் கல்யாண வீடொன்றில் இரண்டு கிண்ணம் வட்டிலப்பம் முடித்திருந்தார். சீனி கொஞ்சம் கூடக் காட்டியது. "ஒரு மாசம் சாப்பாட்டைக் கவனியுங்க. பிறகு வெறும் வயித்தில ரத்தம் சோதிச்சிப் பாத்துத்தான் வருத்தம் இருக்கா இல்லியா எண்டு சொல்லலாம்" என்றார் டொக்டர்.

சாதாரண மனிதன் என்றால் சீனியைக் குறைப்பான். அதிபர் கூட்டம் வைத்தார். வீட்டுச் சீனிப் போத்தலைத் தென்னை மரத்தடியில் சடங்காகக் கொட்டினார். எறும்புகள் அவருக்கு என்றும் கடமைப்பட்டவை. காலையில் குரக்கன் பிட்டு, பகல் பாவற்காய், பின்னேரம் வல்லாரைச் சாறு. சுபஹுத் தொழுகை முடிந்ததும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக் கடற்கரையில் கையை வீசி நடந்தார். பத்து நாளில் பின்னால் பதினான்கு பேர். பதினைந்தாம் நாள் சங்கம், தலைவர், சட்டதிட்டங்களோடு ஒரு யாப்பு. இன்னும் வந்து சேராத நோய்க்கு இப்படி வரவேற்புக் கொடுத்த ஆளை நான் கண்டதில்லை.

ஒருநாள் என் கோப்பையை வாங்கி முற்றத்தில் ஊற்றினார்.

"மச்சான், நீங்க குடிக்கிறது தேத்தண்ணி இல்ல, நஞ்சி."

"எனக்கி ஒண்டும் இல்லியே."

"ஒண்டும் இல்லாத ஆக்கள்தான் முதல்ல மௌத்தாகிற."

குசினியிலிருந்து சபூறா சொன்னாள்: "காக்கா, பேசாம வல்லாரையக் குடிச்சிருங்க. இவரு உட மாட்டாரு. நானே பக்கத்து ஊட்ட போய்த்தான் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிற்று வாறன்."

மாதம் முடிந்தது. அதே கிழமை யுத்தமும் முடிந்தது. சந்தியில் இராணுவத்தினர் கருப்பட்டித் துண்டு வைத்துப் பாற்சோறு கொடுத்தார்கள். மச்சான் அதைத் திருப்பிக் கொடுத்து, இனிப்பின் தீமை பற்றி ஐந்து நிமிடம் விளக்கினார். அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாதது அவன் செய்த புண்ணியம். அங்கிருந்து நேரே எங்கள் நிலையத்துக்கு வந்து இரத்தம் கொடுத்தார். என்னையும் விடவில்லை. "உங்களுக்குச் சும்மாதானே மச்சான், நீங்களும் குடுங்க." கொடுத்தேன்.

பரிசோதனை செய்யும், பாண்டிருப்பிலிருந்து வரும் பிள்ளை கேதீஸ்வரி, முடிவுகளைக் கொப்பியில் எழுதுவாள். நான் அவற்றை ரிப்போட்டில் எழுதி முத்திரை குத்துவேன். கட்டாகக் கொண்டுபோய் வைத்தால் அவள் வாசிக்காமலே ஒப்பமிடுவாள். மச்சானின் பெயருக்கு நேரே 91 என்று இருந்தது.

91 என்றால் சுத்தம். நோய் இல்லை. அதாவது, மனிதர் வென்றுவிட்டார். நான் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஆயுளுக்கும் வல்லாரை. சங்கத்தில் பொன்னாடை. ஜும்மாவுக்குப் பிறகு உரை. அந்த உரை எனக்கு அப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது. ரிப்போட்டில் 212 என்று எழுதினேன்.

டொக்டர் சீனியைக் குறைக்கும் குளிசை கொடுத்தார். "கை நடுங்கி வேர்த்தா உடனே இனிப்பா என்னவும் வாயில போடுங்க" என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மச்சான் இனியாவது அடங்குவார் என்று நினைத்தேன். அவரோ நோயைப் பதவி உயர்வு போல ஏற்றுக்கொண்டு, குரக்கன் பிட்டையும் பாதியாக்கினார்.

ஆடியில் மறுபடி இரத்தம். கேதீஸ்வரி கொப்பியோடு வந்தாள்.

"காக்கா, உங்கட அதிபருக்கு அறுபத்திரெண்டுதான் இரிக்கி. ஆள் சாப்பிடுறதே இல்லியா?"

"கொள்கைக்காரன் பிள்ள."

198 என்று எழுதினேன். முதல் தடவை கை தவறிவிட்டது என்று சொல்ல இடமுண்டு. இம்முறை சற்றுக் குறைத்து எழுதினால்தான் நம்பும்படி இருக்கும் என்று யோசித்து எழுதினேன். டொக்டர் குளிசையை இரட்டிப்பாக்கினார்.

நோன்பு வந்தது. பிடிக்கவே கூடாது என்றார் டொக்டர். முப்பதும் பிடிப்பதாக மச்சான் சங்கத்தில் ஏற்கெனவே அறிவித்திருந்தார். சபூறா என்னிடம் வந்து அழுதாள். "காக்கா, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்க. ஆள் உருகிப் போறாரு." நான் சொல்லவில்லை. மார்க்க விடயத்தில் தலையிட நான் யார்?

ஒன்பதாம் நோன்பு அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் நடக்கப் போனோம். சங்கத்தார் நோன்புக் கஞ்சிக்காக வீட்டோடு நின்றுவிட்டார்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழப் பொட்டலம் என் கையில் இருந்தது. கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் இருந்ததால் நான் மெதுவாக நடந்தேன். அன்று அவர் என்னைவிட மெதுவாக நடந்தார். என் பழைய வீட்டின் அத்திவாரத்தில் போய்க் குந்தினார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மச்சான், கை நடுங்குது."

"நோன்புக் களைப்பு."

"கண்ணெல்லாம் இருட்டுது. அது என்ன, பேரீச்சம்பழமா?"

"ஓம். பாங்குக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இரிக்கி."

அவர் கையை நீட்டினார். நான் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றினேன். ஒருவருடைய நோன்பை முறிக்க வைத்த பாவத்தைச் சுமக்க நான் தயாராக இல்லை. பிறகு அவர் குழறிக் குழறி ஏதோ சொன்னார். அவர் நிகழ்த்திய உரைகளில் ஆகச் சுருக்கமானது அதுதான். பக்கவாட்டில் சரிந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொன்னதும், முறைப்படி, ஒரு பழத்தை என் வாயில் வைத்தேன். இரண்டாவதை அவருடைய வாயில் வைத்தேன். அவர் விழுங்கவில்லை.

சீனி வருத்தம் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று ஜனாஸாவுக்கு வந்தவர்கள் கதைத்தார்கள். அதைத்தான் இப்போது பலகையில் எழுதப் போகிறார்கள். அவருக்குச் சீனி வருத்தம் இருக்கவே இல்லை. வெள்ளைச் சப்பாத்தும் குரக்கனும் வேலை செய்திருந்தன. அவரைக் கொன்றது நான். பலகையில் என் பெயரையும் போடுவதா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும்.

212 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நான் கற்பனை செய்த எண் அல்ல. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. கொப்பியில் அடுத்த வரியில், என் பெயருக்கு நேரே இருந்தது. "காக்கா, உங்கட வருத்தத்துக்கு முதல்ல மருந்தெடுங்க" என்று கேதீஸ்வரி அன்றைக்கே சொன்னாள். நான் மச்சானின் 91ஐ என் ரிப்போட்டில் எழுதிக்கொண்டேன். அதில் ஒப்பமும் முத்திரையும் உண்டு. ஆகவே எனக்கு ஒன்றும் இல்லை. சபூறா திரும்பவும் சீனிப் போத்தல் வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று கரண்டி, முன்பு போலவே.

கால் பெருவிரல் இப்போது கறுத்திருக்கிறது. செருப்பை மாற்ற வேண்டும்.